பல்லிடுக்குச் சத்தம்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. கலங்கரை விளக்கத்தில் பால்பவுடர் டீதான். அதற்கும் பழகிக்கொண்டேன். எனக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும்.

நடுக்கடல் பாறையில் இரண்டே ஆட்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகு வராது. ஒருவன் மூஞ்சியில் ஒருவன் விழித்துக்கொண்டு ஒரே அறையில் கிடக்க வேண்டும். கிளம்பும் முன்பே டாக்டர் எச்சரித்தார். "அடைஞ்சு கிடந்தா கூட இருக்கறவர் மேல வெறுப்பு வரும். அது மனசு பண்ற வேலை, நம்பாதீங்க." நான் நம்பவில்லை. எனக்கு வந்தது வெறுப்பு இல்லை, அருவருப்பு. இரண்டும் வேறு.

கூட்டாளி தங்கமானவன். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் வாந்தியை அள்ளிக் கொட்டியவன். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் பல்லிடுக்கில் சிக்கியதை உறிஞ்சுவான். ஸ்ஸிக். விரலால் எடுத்துப் பார்ப்பான். மறுபடி வாயில் போட்டுக்கொள்வான். கால் நகத்தை வெட்டி ஒரு கிளாஸில் சேர்ப்பான். அதே கிளாஸில் எனக்கு டீ வரும். முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டேன். பிறகு அவன் தூங்கியதும் சாப்பிடலாம் என்று பட்டினி கிடந்தேன். நல்லவனிடம் இதை எப்படிச் சொல்வது?

ஒருவழியாகப் படகு வந்தது. தொல்லை விட்டது, சிரித்த முகமாகப் பிரிந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அங்கே படகு பாறையில் ஒட்டாது. ஒருவன் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார, மற்றவன் மேலே கம்பி உருளையின் பிரேக்கைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். முதலில் அவன் ஏறினான். பல்லை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "மாப்ளே, வயர்லெஸ்ல ஆபீசுக்குச் சொல்லிட்டேன். அடுத்த தடவையும் நாம ரெண்டு பேருந்தான். உன்ன மாதிரி ஆளு எனக்கு எங்க கிடைப்பான்?" என்றான். கண் கலங்கியிருந்தது.

பாறை முனைக்கு நேர் மேலே கூடை வந்ததும் பிரேக்கை விட்டேன். கை நழுவியது என்று முதலில் சொன்னது பொய். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் விட்டேன். அன்றுதான் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இங்கே ஒரே ஒரு குறை. காலையில் லாக்கப்பில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் காவலர் முகத்தைச் சுளித்தார். "யோவ், அந்தப் பல்ல உறிஞ்சாம இருக்க மாட்டியா? குமட்டுது."

அவரிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. அது என் பழக்கம் இல்லை. அவனுடையது.