கழுத்துக்குக் கீழே

சத்யா: இன்னா ஜெகண்ணா இது... செத்தது எங்க அண்ணனா, பூவராகவன் மாமாவா?

ஜெகன்: ஏம்மா?

சத்யா: பேனர் பூரா மாமா தலதான் இருக்குது. எங்க பரணி மூலையில பாஸ்போர்ட் சைசுல எட்டிப் பாத்துக்கினு இருக்கான்.

ஜெகன்: அவரே போன் பண்ணி சொல்லிட்டாரு. கை கூப்பற போட்டோவாம், மோதிரம் தெரியணுமாம். எளாவூர் ரோட்டுல கட்டனா லாரிக்காரன் கூட பாக்கணுமாம்.

சத்யா: உயிரோட இருந்தப்ப ஒரு நாளு அவனாண்ட மூஞ்சி குடுத்து பேசல. வேல வெட்டி இல்லாம கேமராவத் தூக்கினு சுத்தறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு. அவர சின்னது பண்ணு.

ஜெகன்: எவ்ளோ சின்னது?

சத்யா: மோதிரம் மட்டும் தெரிஞ்சா போதும்.

ஜெகன்: சரி... கீழ உங்க சித்தப்பா பையன் மணிகண்டன் போட்டோ?

சத்யா: ஃபேமிலி குரூப்புல பொணத்து வீடியோவா அனுப்பறான்னு பரணிய குரூப்ப உட்டே தூக்குனவன் அவன்தான். இப்போ ஸ்டேட்டஸ்ல "மிஸ் யூ அண்ணா" வச்சிருக்கான். அவனையும் தூக்கு.

ஜெகன்: இப்படியே போனா "இப்படிக்கு"ன்றதுக்குக் கீழ நான் மட்டும்தான் இருப்பேன். பரணி பேருக்குக் கீழ இன்னா போடறது? ஞாயித்துக்கெழம கருமாதி, நாளைக்குக் கட்டியாவணும்.

சத்யா: போர்ச் செய்தியாளர்.

ஜெகன்: எந்த சேனல்னு கேப்பாங்களே.

சத்யா: நானும் போன் போட்டுக் கேட்டேன். "அவர் எங்க ஸ்டாஃப் இல்ல மேடம், ஃப்ரீலான்ஸ்"ன்றாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல ஜனம் ஓடறத எடுத்துக்கினு இருக்கறப்பதான் குண்டடி பட்டு உழுந்தான். அந்த வீடியோவ அன்னிக்கு பூரா ஓட்டனாங்க. அவங்க சேனல் பேரு கொட்ட எழுத்துல இருந்திச்சி. அவன் பேரு இல்ல.

ஜெகன்: அவனுக்கு எப்பவுமே அதான். இங்க லாரி கவுந்தா ஆம்புலன்சுக்கு முன்னாடி போய் நிப்பான். டிரைவர இழுத்து வெளிய உட்டுட்டு அப்புறமா கேமராவ எடுப்பான். அதுக்குள்ள வேற எவனாவது எடுத்துப் போட்டுடுவான்.

சத்யா: பொழைக்கத் தெரியாதவன்.

ஜெகன்: சூடானுக்குப் போறேன்னான். எதுக்குடான்னேன். "அங்க நடக்கறத எடுக்க ஆளே இல்லடா"ன்றான். ஆளே இல்லன்னா எதுனா காரணம் இருக்கும்ல...

சத்யா: ஊருல அவன் வெல்டிங் வேலைக்குப் போயிருக்கான்னுதான் நெனச்சினு இருக்காங்க. அம்மாதான் அப்படி சொல்லி வச்சிது.

ஜெகன்: வெல்டிங்னா பொண்ணு குடுப்பாங்க.

சத்யா: அதான். இப்பவாவது அவன் இன்னா செஞ்சான்னு ஊருக்குத் தெரியணும். பாடி வரல, அங்கியே பொதச்சிட்டாங்க. பேனராவது வரட்டும். அந்த நீல சட்ட போட்டோவப் பெருசா போடு.

ஜெகன்: எது...

சத்யா: நெஞ்சுல பிரஸ்னு எழுதியிருக்குமே. வாட்ஸ்அப்புல அனுப்புனேன்ல.

ஜெகன்: அது கிளாரிட்டி இல்லம்மா. பெருசு பண்ணா ஒடஞ்சிடும்.

சத்யா: மாமா மோதிரம் ஒடையல, எங்க அண்ணன் ஒடஞ்சிடுவானா?

ஜெகன்: ஒரு கல்யாணத்துல எடுத்தது இருக்குது. வேட்டி சட்டையில ஜம்முனு இருப்பான்.

சத்யா: அதுல பந்தியில உக்காந்துக்கினு வாயில அப்பளத்தோட இருக்கான்.

ஜெகன்: அப்பளத்த அழிச்சிடறேன்.

சத்யா: நீல சட்டதான் வேணும்.

ஜெகன்: சரி, கழுத்து வரைக்கும் வெட்டிப் போடறேன். மூஞ்சி நல்லா தெரியும்.

சத்யா: கழுத்துக்குக் கீழ உனுக்கு இன்னா பிரச்சன? சொல்லுண்ணா. கும்மிடிப்பூண்டியில வேற கடையே இல்லாமயா உன்னாண்ட வந்தேன்?

ஜெகன்: அந்த சட்டையப் பத்தி அம்மா இன்னா சொல்லுது?

சத்யா: இரும்புத் தகடு வச்ச சட்ட, அதையே குண்டு தொளச்சிக்கினு போயிருக்குதேன்னு எங்களாண்ட சொல்லிச் சொல்லி அழுவுது.

ஜெகன்: சத்யா... அதுல தகடு இல்லம்மா. குண்டு தாங்கற சட்ட போட்டுக்கினு போட்டோ அனுப்புனாத்தான் வீடியோ வாங்குவேன்னு அந்த சேனல்காரன் சொல்லிட்டான். சட்டைய மட்டும் குடுக்க மாட்டானாம். இவன் இங்க வந்து, இதே ஸ்டூல்ல உக்காந்துக்கினு கேட்டான். துணியில பிரஸ்னு எழுத்து அடிச்சிக் குடுத்தேன். உள்ள வைக்க, கடையில போர்டுக்கு ஒட்டற அட்டைய நெஞ்சளவுக்கு வெட்டிக் குடுத்தேன். ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே செஞ்சோம். போட்டோவுக்கு மட்டும்தான்டான்னான். அதையே மாட்டிக்கினு உள்ள போவான்னு எனுக்கு... சேதி வந்த நாள்லருந்து சோறு எறங்கல. நீ நாலு வார்த்த திட்டிட்டுப் போ.

சத்யா: எழுத்து நீ அடிச்ச, அட்ட நீ வெட்டுன. தச்சது யாருன்னு கேக்க மாட்டியா?

ஜெகன்: எவனாவது டெய்லரு...

சத்யா: பத்து வருஷமா சிப்காட்டுல சேஃப்டி ஜாக்கெட் தைக்கிறவ ஊட்டுலயே இருக்கறப்ப டெய்லராண்ட ஏன் போறான்? அட்டைன்னு தெரிஞ்சேதான் தச்சேன். பிரிஞ்சிடக் கூடாதேன்னு நாலு பக்கமும் ரெட்டத் தையல் வேற போட்டேன். அந்த போட்டோவையே போடுண்ணா, எங்க ஊட்டுக்கு எதிர்ல கட்டு. தெனம் ஷிப்ட்டுக்குப் போறப்ப நான் பாக்கணும்.