திம்மராயனின் பெட்ரோல் கால்

பெருமைமிகு பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர் மன்றத்தின் தலைவரும், தக்காளித் தோட்டத்தின் நடுவே தகரக் கொட்டகை போட்டுத் தம் பச்சைக் காரைப் பட்டத்து யானையாய்ப் பராமரிப்பவருமான அண்ணன் கோவிந்தப்பன் அவர்களே! மேடையிலே மாலையோடும், மாலைக்குள்ளே வியர்வையோடும் வீற்றிருக்கும் செயற்குழுச் சான்றோர்களே! ஓசூரிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் சீருடையைக்கூட மாற்றாமல் தொழிற்சாலை வாயிலிலிருந்து நேராக வந்திருக்கும் தோழர்களே! இந்த ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கேதான் போகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், மன்றத்தின் சட்ட ஆலோசகன் தமிழரசனின் தலை தாழ்ந்த வணக்கம்!

இன்று நம் முன்னால் இருப்பது ஒரே ஒரு தீர்மானம். உறுப்பினர் திம்மராயன் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்துவிட்டது. ஆகவே ஏழாம் விதிப்படி அவரை மன்றத்திலிருந்து நீக்க வேண்டும். அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி மாதேஸ்வரி, மடியில் ஏழு மாதக் குழந்தை. மின்சாரக் கார் வைத்திருப்பவர் இம்மன்றத்தில் உறுப்பினராக இருக்கலாகாது என்ற அந்த ஏழாம் விதியை எழுதியவன் யார்? அடியேன்தான். அன்று கை வலிக்கக் கைதட்டியவர்கள் யார்? நீங்கள்தான்.

நான் வழக்கறிஞன். பெட்ரோலுக்கும் வாதாடுவேன், மின்சாரத்துக்கும் வாதாடுவேன். இன்றைக்கு யார் பக்கமும் இல்லை. நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். பின்வரிசையில் கன்னடத்தில் ஏதோ சொல்கிறார்கள். புரிகிறது. தாய்மார்கள் இருப்பதால் மொழிபெயர்க்கவில்லை.

ராயக்கோட்டையில் பிறந்தவர் திம்மராயன். அவருடைய தந்தை நம் தலைவரின் தோட்டத்தில் தக்காளிக் கூடை சுமந்தவர். மகன் தொழிற்சாலைக்குப் போனார். ஆறு ஆண்டு சேமித்து, பெங்களூரு ஏலத்தில் இரண்டே இருக்கை கொண்ட ஒரு பழைய சிவப்புக் காரை எடுத்தார். ஞாயிறு காலையில் குருபரப்பள்ளித் தேநீர்க் கடை முன்னால் பச்சைக் காரும் சிவப்புக் காரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கடைக்கார வெள்ளையம்மா சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லி, அவரவர் தேநீரை ஆற்றி வைத்துவிடுவார். கூடை சுமந்தவரின் மகனும் தோட்டத்துச் சொந்தக்காரரும் தோளோடு தோள் நின்று டீ குடித்த இடம், ஐயா, இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். திம்மராயன் இன்று இழக்கப்போவது உறுப்பினர் அட்டையையா? அந்த இடத்தை ஐயா, அந்த இடத்தை!

பிறகு ஏன் மின்சாரக் கார்? குழந்தை பிறந்தது. வீட்டில் மூன்று பேர், வண்டியில் இரண்டு இருக்கை. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

இனி ஆயுத பூஜைக்கு வருவோம். திம்மராயன் வீட்டு வாசலில் சிவப்பு வண்டி, வெள்ளை மின்சார வண்டி, வெள்ளைக்கு எதிரே தலைவரின் பச்சை வண்டி. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். முதலில் சிவப்பு. "ஒரு ரைஸ் குடுப்பா!" என்று கூட்டம் கத்தியது. காலை அழுத்தினார், உறுமியது வண்டி, உருகியது கூட்டம்! அடுத்து வெள்ளை. பழத்தை நசுக்க வண்டி நகர வேண்டுமே, பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டுவிட்டார். சத்தமே இல்லை. பூஜைக்கு ஊரிலிருந்து வந்திருந்த அவர் தாயார் செல்லி குழம்பிப்போய், "வண்டி இன்னும் எந்திரிக்கலயாடா?" என்றார். கூட்டமும் பழக்கதோஷத்தில், "ரைஸ் குடுப்பா, ரைஸ் குடு!" என்றது. கத்தியவர்களில் நானும் ஒருவன்.

கொடுத்தார்! பழம் நசுங்கியது, பூசணி புரண்டது, பிளாஸ்டிக் நாற்காலி பறந்தது, தலைவரின் பச்சைக் கார் பம்பரில் போய் வெள்ளை வண்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் திம்மராயன் இறங்கவே இல்லை. கண்ணீர் முட்ட, "கால் பழக்கம் சார், கால் பழக்கம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்காதீர்கள். தலைவரே சிரிக்கவில்லை பாருங்கள். பூஜை முடிந்த நான்காம் நாள் இந்தத் தீர்மானம் வந்தது. கொள்கைக்காக வந்ததா, பம்பருக்காக வந்ததா? நான் கேட்கவில்லை, தேதி கேட்கிறது.

மின்சார வண்டி வரும். நாம் கூட்டம் போட்டாலும் வரும், போடாவிட்டாலும் வரும். வாரத்தில் ஆறு நாள் உங்களில் பாதிப்பேர் தொழிற்சாலையில் கையால் செய்வது என்ன? மின்சார வண்டி! ஏழாம் நாள் காலால் மிதிப்பது என்ன? பெட்ரோல் வண்டி! கை செய்தால் சம்பளம், வாசலில் நிறுத்தினால் குற்றமா? புத்தம் புதிய மின்சார வண்டியில் ஏறியும் பெட்ரோலை மறக்காத கால் ஐயா அது! அந்தக் காலையா வெளியே அனுப்பப் போகிறோம்?

சரி, நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. திம்மராயனை நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

ஒரே ஒரு கை. தங்கை மாதேஸ்வரி! என்னம்மா, வீட்டுக்காரரையா நீக்கச் சொல்கிறீர்கள்? மைக்கைக் கொடுங்கள் அவரிடம்.

"நீக்கறதுக்கில்லீங்க சார், பேசறதுக்குத்தான் கை தூக்கனேன். வெள்ளை வண்டி அவரு பேர்ல இல்ல, எம் பேர்ல இருக்குது. ஆர்சி புக்கு வேணும்னா பாத்துக்கங்க. அவரு நைட் ஷிஃப்ட் போற வாரமெல்லாம் சேப்பு வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெக்கறது நான்தாங்க. எனக்கும் அந்தச் சத்தம் புடிச்சுப்போச்சு. நானும் மன்றத்துல சேரலாம்னு ஃபாரம் கேட்டா, ஏழாவது விதி இருக்குதுன்னு சொல்றாங்க."

கேட்டீர்களா? இருபத்திரண்டு ஆண்டு வழக்காடியவன், வண்டி யார் பெயரில் என்று கேட்கவில்லை! வெட்கமாக இருக்கிறது. தீர்மானம் தானாகச் செத்தது. ஏழாம் விதி இன்று தடுத்து நிறுத்துவது ஒரே ஒருவரை: பெட்ரோல் மேல் ஆசைப்பட்டு, யாரும் அழைக்காமல் தானே வந்து மன்றத்தின் வாசலில் நிற்கும் இந்தப் பெண்மணியை!

அந்த விதியை எழுதிய நான் அதை நீக்கக் கோருகிறேன். என் கை முதல் கை. உங்கள் கைகள்? அடேயப்பா, பந்தலே மறைகிறதே! மேடையில்? செயற்குழு முழுவதும். தலைவரே, தங்கள் கை...

தூக்கிவிட்டார்! இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். ஒன்றைத்தான் எண்ணுவேன், மன்னிக்க வேண்டும். தங்கையே, படிவம் இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது, தலைவரே கையெழுத்திடுவார். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பேசவும் துணிந்த தாய்மார்க்கும் என் நன்றி. போய்வருகிறேன், வணக்கம்!