செத்தவன் சோத்துக் கணக்கு

...மெத்தை வேணாம்ணே, ஒரு பழைய சாக்கு மடிச்சுப் போட்டாக்கூடப் போதும். காலைலேர்ந்து அந்தப் பெஞ்சுல உக்காந்துருக்கேன். கோர்ட்டுக்குள்ள விட மாட்டாங்களாம். மத்த சாட்சி பேசறது என் காதுல விழுந்தா என் சாட்சி கெட்டுப்போயிருமாம். சரி, சட்டம். ஆனா மரப்பெஞ்சுல உக்கார வெச்சு என் இடுப்ப ஒடிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? இந்த ஸ்டூல்ல யாரும் இல்லையே? உக்காந்துட்டுக் கேக்குறேன் பாருங்க. டார்லீன், ஒரு காப்பி ஊத்தும்மா. பன்னிக்கறி சான்ட்விச்சு ஒண்ணு. கறி ரொட்டியத் தாண்டி வெளிய தொங்கணும், சொல்லிட்டேன். போன தடவ ரொட்டிக்குள்ளயே ஒளிஞ்சிக்கிட்டிருந்துச்சு.

நீங்க கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் கொழம்புக்கு இலவங்கப்பட்டை ரொட்டியத் தொட்டுக்கிறீங்க. அப்ப அயோவாக்காரருதான். போன மாசம் சிகாகோலேர்ந்து ஒரு வக்கீல் வந்தாரு, இதப் பாத்துட்டு மூஞ்சிய அப்பிடித் திருப்பிக்கிட்டாரு. நமக்கு என்ன, சாப்புடுங்க.

நான் வெர்லின் டோஸ்ட்ருட். மேட்டு மேல காலேஜ் இருக்கே, அங்க பொருளாதாரம் சொல்லித்தரேன். கூடவே இந்தக் கோர்ட்டு வேல, நிபுணர் சாட்சி. டாக்டர் வந்தா எலும்பப் பத்திச் சொல்லுவாரு, எஞ்சினியர் வந்தா பிரேக்கப் பத்தி. நான் வந்தா கணக்கு. ஒருத்தரு செத்துட்டாருன்னா, அவரு இருந்திருந்தா இன்னும் எத்தன வருஷம் ஒழைச்சிருப்பாரு, என்ன சம்பாதிச்சிருப்பாரு, வீட்டுல என்னென்ன வேல செஞ்சிருப்பாரு, அத்தனைக்கும் சேத்து இன்னிக்கு ஒரே தொகையாக் குடுத்தா எவ்வளவுன்னு நான் சொல்லணும். என் மச்சான் என்னய 'பொணத்துக்கு வெல போடறவரே'ன்னுதான் கூப்புடுவான். அதுவும் கிறிஸ்துமஸ் விருந்துல, பாதிரியாரு பக்கத்துல உக்காந்துருக்கப்ப.

இன்னிக்கு டுவேன் வெஸ்லிங் கேஸு. பால் லாரி ஓட்டுவாரே, அவருதான். தீவன மில்லு வண்டி பிரேக்குப் புடிக்காம வந்து... என்னண்ணே, ஸ்பூனப் போட்டுட்டீங்க? தெரிஞ்சவரா? கைய ஆட்றீங்க, என்ன, உப்பா? இந்தாங்க. தெரிஞ்சவரா இல்லாமயும் இருக்கலாம், ஆனா அவரு கறந்து வெச்ச பாலத்தான் இந்த ஜில்லாவே குடிச்சிச்சு. கறக்கல, ஏத்திட்டு வந்தாரு. ஏத்திட்டு வந்த பாலு.

அவரு சம்சாரம் லடோனா. ரெண்டு பொண்ணு. அந்த வீட்டுச் சமையக்கட்டுல உக்காந்து நான் கேள்வி கேக்கணும். பனி யாரும்மா அள்ளுவாங்க? டுவேன். பாத்திரம்? மாத்தி மாத்தி. குழா ஒழுகுனா? டுவேன், ஆனா மறுபடி ஒழுகும். நான் எழுதிக்கிட்டே வரேன். ஒவ்வொரு வேலைக்கும் வெளிய ஆள் வெச்சா என்ன கூலியோ அதப் போடணும். அப்பறம் லடோனா சொல்லுது, பொண்ணுங்களுக்குத் தல பின்னி விடறது அவருதான்னு. விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுக்கணுமில்ல, அதனால படுக்கப்போறப்பவே பின்னி விட்டுருவாராம். கலையாம இருக்கணும்னு தலைல ஒரு துணியக் கட்டித் தூங்க வெப்பாராம். அதுக்கு என்கிட்ட எடமே இல்லண்ணே. 'குழந்தை பராமரிப்பு'ன்னு ஒரு வரி இருக்கு, அதுல தூக்கிப் போட்டேன். வேற என்ன செய்ய? எனக்கே வெக்கமாத்தான் இருந்துச்சு.

அதவிடக் கொடும ஒண்ணு இருக்கு. சோத்துக் கணக்கு. சம்பாத்தியத்துல, செத்தவரு தனக்குன்னு என்ன செலவழிச்சிருப்பாரோ அதக் கழிக்கணும். அவரு தின்னிருக்கப்போற சோறு, குடிச்சிருக்கப்போற பீரு, போட்டுருக்கப்போற செருப்பு. செத்துட்டாரு, இனிமே சாப்புட மாட்டாரு, அதனால அது குடும்பத்துக்கு நஷ்டம் இல்லையாம். புரியுதா? அவரு எவ்வளவு கம்மியாத் தின்னாரோ, அவ்வளவுக்குக் காசு ஜாஸ்தி. நான் போயி, டுவேன் நெறையச் சாப்புடுவாராம்மான்னு கேக்குறேன். அந்தப் பொண்ணு சிரிச்சிச்சு. பழம் வெச்சுச் சுடற பை இருக்கே, அதுல ஒண்ண முழுசா ஒத்தையாளாத் தின்பாருன்னு சொல்லிச் சிரிச்சிக்கிட்டே இருந்துச்சு, அப்பிடியே அழுதுருச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? பை எந்தப் பழத்துலன்னு கேட்டேன். அதுக்கும் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வாயில வந்துருச்சு.

ஏண்ணே அந்த ஸ்டூலுக்குப் போறீங்க, கதவுக் காத்து அடிக்குதா? ஆமா, பிப்ரவரியில இந்தக் கதவ யாரு தொறந்து வெக்கிறது. நானும் தள்ளி வந்துர்றேன். டார்லீன், என் தட்ட இங்க குடுத்துரும்மா.

எதிராளி வக்கீல் ப்ரூயிட்டுன்னு ஒருத்தரு. குறுக்குக் கேள்வியில ஒரு பழக்கம் வெச்சிருக்காரு. முன்னாடி ஒரு கேஸுல என்னயக் கேட்டாரு. 'டாக்டர் டோஸ்ட்ருட், நீங்க உங்க வீட்டுல வாரத்துக்கு எத்தன மணி நேரம் வேல செய்வீங்க?' சத்தியம் பண்ணிட்டு நிக்கிறேன், பொய் சொல்ல முடியுமா? 'அப்பிடி ஒண்ணும் இல்ல'ன்னேன். ஜூரி சிரிச்சிச்சு. அது போகட்டும். அந்தச் சாட்சியம் முழுக்க அச்சடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அத என் சம்சாரம் ஆர்லிஸ் படிச்சிட்டா. அன்னிலேர்ந்து பாத்திரம் நான்தான் கழுவறேன். அவ பக்கத்துல நின்னுக்கிட்டு, 'கோர்ட்டுல இதுக்கு நல்ல கூலி சொன்னியே, நல்லாத் தேய்'ங்குறா.

ஜூரிங்குறீங்களா? அதுங்ககிட்டப் பேசறது இருக்கே... தீர்ப்புச் சொல்ல ஊருக்குள்ளேர்ந்து இன்னிக்கு எட்டு பேரு வந்துருக்காங்களாம், நான் இன்னும் பாக்கல. எல்லா ஜூரியும் ஒண்ணுதான். நாளைக்கு வர்ற பணத்த இன்னிக்கு மதிப்புக்குக் கொண்டாறது எப்பிடின்னு ஆரம்பிப்பேன், மொத வரிசைல ஒருத்தரு கொட்டாவி விடுவாரு. அது தொத்திக்கிட்டுப் பின்வரிசைக்குப் போகும். ஓரத்துல ஒருத்தரு எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு, அவருக்கு மட்டும் ஒண்ணுமே புரிஞ்சிருக்காது. ஏண்ணே தலையக் குனிஞ்சுக்கிறீங்க, சில்லி காரமா?

இந்தக் கேஸு எப்பவோ முடிஞ்சிருக்க வேண்டியது. மில்லு முதலாளி கைலேர்ந்து ஒரு காசு போகப்போறதில்ல, எல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்குறது. ரெண்டு லட்சம் டாலருக்கு ராசியாப் போலாம்னு போன வாரம் ஆளு அனுப்பினாங்க. லடோனா மாட்டேன்னுருச்சு. இதெல்லாம் ஜூரிக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா ஜட்ஜு ஓப்பர்மன் கேஸையே கலைச்சுருவாரு. நமக்குள்ள இருக்கட்டும்.

இன்னொண்ணும் இருக்கு, கிட்ட வாங்க. லடோனாவுக்கு ஒருத்தரு வந்துட்டுப் போயிட்டு இருக்காரு. ரோலின்னு பேரு, டிராக்டர் ரிப்பேரு பாக்குறவரு. கூப்புடாமயே வந்து பனிய அள்ளிட்டுப் போறாரு. நல்ல மனுஷன். ஆனா விதவை மறுபடி கட்டிக்குவாளா மாட்டாளான்னு ஜூரி காதுல ஒரு வார்த்த விழக்கூடாது, சட்டமே அப்பிடித்தான். நானே புது நிபுணருங்களுக்கு வகுப்பு எடுக்கறேன், மொத நாளு இதத்தான் சொல்லித்தருவேன்.

எதிர்ப்பக்கத்து நிபுணரு என்ன எழுதியிருக்காரு தெரியுமா? இன்னும் பத்து வருஷத்துல லாரியெல்லாம் தானா ஓடுமாம், ஓட்டறதுக்கு ஆளே வேணாமாம், அதனால டுவேனுக்கு அதுக்கப்பறம் சம்பளமே கெடையாதாம். கேட்டீங்களா அநியாயத்த? நாயமா பேசற மனுஷன் எழுதற எழுத்தா இது? ...போன வருஷம் வேற ஒரு கம்பெனிக்காக நான் எழுதுனது அது. வரிக்கு வரி சுட்டுட்டாரு. அது வேற சந்தர்ப்பம்ணே. அந்த டிரைவருக்கு அறுவது வயசு.

எனக்கு லடோனாவ நெனச்சாத்தான் பாவமா இருக்கு. விபத்துப் படமெல்லாம் திரைல போட்டுக் காமிச்சாங்களாம். அது எந்திரிச்சுப் போகல, உக்காந்தே பாத்துச்சாம். காலைல படிக்கட்டுல என் கையப் புடிச்சிக்கிட்டு, 'இன்னியோட முடிஞ்சிரும்ல? இன்னொரு வாட்டி என்னால ஆகாது'ன்னுச்சு. ஆகாது தாயி, முடிஞ்சிரும், என் பேச்சுதான் கடைசின்னு சொன்னேன். அதுக்காகவாவது இன்னிக்கு நல்லாப் பேசணும்ணே. ஜூரி தூங்குனாலும் தட்டி எழுப்பிப் பேசணும்.

அதோ, கோர்ட்டு சேவகரு வந்துட்டாரு. என்னயக் கூப்புடத்தான் இருக்கும். ...இல்லையாம். ஜூரிக்காரங்க மட்டும் மொதல்ல வரணுமாம்.

நீங்க ஏண்ணே எந்திரிக்கிறீங்க? அவரு ஜூரியத்தான கூப்புடறாரு. உக்காருங்க, ரொட்டி அப்பிடியே இருக்கு...

அண்ணே.

கோட்ட மூடாதீங்க. சட்டைல குத்தியிருக்கே, அது என்ன அட்டை?

ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? கேஸப் பத்தி யாருகிட்டயும் பேசக்கூடாதுன்னு ஜட்ஜு சொன்னாரா. சரி, சொல்லியிருப்பாரு. அப்ப எந்திரிச்சாவது போயிருக்கலாமே? என்னது... பேசிட்டிருக்கறவர நடுவுல விட்டுட்டுப் போறது மரியாத இல்லன்னா? கடவுளே. இந்த ஊரு மரியாத என்னயக் கொன்னுருச்சு. இல்ல, உங்களக் குத்தம் சொல்லல. நீங்க கையக் காமிச்சீங்க, தள்ளிப் போனீங்க. நான்தான் தட்டத் தூக்கிக்கிட்டுக் கூடவே வந்தேன்.

சொல்லாம விட்டுருங்கன்னு கேக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வருது. கேக்க மாட்டேன். நான் கேட்டாலும் நீங்க ஒத்துக்கக் கூடாது. போயி ஜட்ஜுகிட்ட எல்லாத்தையும் சொல்லிருங்க. இன்சூரன்ஸு, ரெண்டு லட்சம், ரோலி, எல்லாம். கேஸு கலையும். அடுத்த வருஷம் மறுபடி மொதல்லேர்ந்து. அந்தப் படங்களும் மறுபடி.

போங்கண்ணே. ஜட்ஜுகிட்ட நீங்க சொல்லுங்க, லடோனாகிட்ட நான் சொல்றேன். அதோ எதிர்ப்பக்கம் கோர்ட்டுப் படிக்கட்டுல நிக்கிது, செவப்புக் கம்பளித் தொப்பி. கண்ணாடி வழியா நம்மளயேதான் பாத்துக்கிட்டு இருந்துருக்கும் போல.

கையாட்டுது, பாருங்க. தனக்காக நான் யாருகிட்டயோ நல்லாப் பேசிட்டிருக்கேன்னு நெனைக்குது.