மார்லாவுக்குக் கிடைத்த கைதட்டல்

பான்கேக் மாவை முந்தின நாளே கரைத்து வைத்துவிடக் கூடாது. காலையில் கரைத்து, சற்று நேரம் தொடாமல் விட்டு, பிறகு கல்லில் ஊற்றினால்தான் பஞ்சு மாதிரி வரும். இது தெரியாமல்தான் எத்தனையோ விடுதிக்காரர்கள் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். என் கையால் சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. நீங்களும் சாப்பிட்டிருக்கிறீர்கள், மிஸ்டர் ஹோல்கம். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் உங்களுக்கு. கட்டம் போட்ட சட்டை. பக்கத்தில் பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு பெண். படம் பார்த்த பயத்தில் அவள் உங்கள் மணிக்கட்டை நகத்தால் கீறிவிட்டிருந்தாள். மறுநாள் மருந்து போட்டுவிட்டது நான்தான். இந்தப் போலீஸ் உத்தியோகத்துக்கு வருவீர்கள் என்று அப்போது தோன்றவில்லை. முகம் அவ்வளவு சாது.

வக்கீல் வரும்வரை பேச வேண்டாம் என்றீர்கள். எனக்கு அவசரமில்லை, ஆனால் காத்திருக்கவும் காரணமில்லை.

முதலில் அந்தப் படம். என் கணவர் லைல் எழுதி எடுத்தது. படம் எடுத்த ஏரிக்கரை முகாம் அவருடைய அப்பாவுடையது. கோடை விடுமுறை முழுக்க நகரத்துப் பிள்ளைகள் வந்து நீந்துவார்கள், துடுப்பு போடுவார்கள், கொசுக்கடி வாங்கிக்கொண்டு அழுவார்கள். பள்ளிகள் திறந்ததும் இடம் காலியாகிவிடும். காலியாகக் கிடக்கும்போது படம் எடுத்தால் வாடகை இல்லை என்று லைல் கணக்குப் போட்டார். கதை கோடையில் நடப்பது. எடுத்ததோ மரமெல்லாம் சிவந்து இலை கொட்டும் காலத்தில். ஏணி போட்டு ஏறி இலைகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தோம். அடிக்கிற வேகத்தில் உதிர்ந்துகொண்டே இருந்தன. படத்தில் பாருங்கள், நீச்சல் உடையில் நிற்கும் பெண்கள் பேசும்போது வாயிலிருந்து ஆவி வரும்.

'மணி அடித்த பின் நீந்தாதே' என்று பெயர் வைத்தார். முகாமில் மணி அடித்தால் எல்லோரும் குடிலுக்குள் போய்விட வேண்டும். மீறித் தண்ணீரில் இறங்குகிறவர்களைப் படகுக்காரன் என்ற ஒருவன் ஒவ்வொருவராகக் கொல்வான். கதை அவ்வளவுதான். சோளப் பாகில் சிவப்பு கலந்து ரத்தம் காய்ச்சியது நான். பாகுக்குக் குளவி வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கோடரி வெட்டு வாங்கிச் செத்துக் கிடக்கும் பையன் மூக்கில் ஒரு குளவி உட்கார, பிணம் தலையை ஆட்டித் துரத்தும். திரும்ப எடுக்க ஃபிலிம் இல்லை. அப்படியே விட்டுவிட்டார்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் தேடி வந்து பார்ப்பது அந்தக் குளவியைத்தான்.

இது புரியாமல் பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்பார்கள், இவ்வளவு மட்டமான படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று. நான் அவர்களை உட்கார வைத்து நான் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு சாப்பிடக் கொடுப்பேன். பெரிய செலவில் எடுத்த படம் உங்களைத் தள்ளி உட்கார வைக்கிறது. எங்கள் படம் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. மைக்கின் நிழல் தெரிகிறது, பெயின்ட் அடித்த இலை தெரிகிறது. நம்மைப் போன்றவர்கள் கூடி, குளிரில் நடுங்கி, சிரித்துக்கொண்டே செய்த காரியம் என்று தெரிகிறது. அப்புறம், செத்தவர்கள் எல்லோரும் எழுந்து போய் ரொட்டி சாப்பிட்டார்கள் என்பதும் தெரிகிறது. மரணத்தை அப்படிப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது. வீட்டில் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று வந்த பெண் ஒருத்தி, படம் முழுக்க என் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

லைல் காலமான பிறகு, படத்தைப் பார்க்க ரசிகர்கள் முகாமில் வந்து தங்கும் வார இறுதிக் கூட்டத்தை வருஷா வருஷம் நான்தான் நடத்தினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் என்னை மா என்று கூப்பிடுவார்கள். "மா, என் குடில்ல எலி இருக்கு மா." "எலிக்கும் சேர்த்துத்தான்டா வாடகை, பேசாம படு." இப்படிப் போகும். சில பேருக்கு இங்கேதான் காதல் வந்தது. அவர்கள் குழந்தையோடு வந்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து தன் காதலனோடு வந்தது. ஒரு குடும்பம் என்றால் வேறென்ன.

சனிக்கிழமை மாலை கடைசிக் காட்சியை ஏரியில் நிஜமாக நடித்துக் காட்டுவோம். கூடாரத் துணியில் தைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு படகுக்காரனாக நிற்பது நான். தப்பிப் பிழைக்கும் கடைசிப் பெண் பெக்கியாக மார்லா. படத்தில் நடித்த அதே மார்லா. அவள் படகில் வருவாள். மார்பளவுத் தண்ணீரில் ஒளிந்திருக்கும் நான் எழுந்து அவளை இழுத்துப் போடுவேன். "யாராவது வாங்க" என்று அவள் கத்துவாள். கரையில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே குரலில், "மணி அடிச்சாச்சு, பெக்கி" என்று பதில் சொல்வார்கள். படத்தில் குடிலுக்குள் இருப்பவர்கள் சொல்வது அது. பிறகு அவள் மூழ்கி, படகுக்கு அந்தப் பக்கம் எழுந்து கை அசைப்பாள். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பெரிய ஆட்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மார்லா எனக்குத் தங்கை மாதிரி. இரண்டு முறை விவாகரத்து ஆனபோதும் வந்து விழுந்தது என் சமையலறையில்தான். இந்த வருஷமும் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தோம். முடியை வெட்டி, சாயம் போட்டு, பத்து வயது குறைந்திருந்தாள்.

"என்னடி, யாரு அந்த ஆளு?" என்றேன்.

"எப்படித் தெரியும் உனக்கு?"

"இந்த வயசுல சும்மா யாரும் முடி வெட்டிக்க மாட்டாங்க."

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எல்டன்னு பேரு. பல் டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். அரிசோனால வீடு."

"சொந்தப் பல்லா, கட்டின பல்லா?"

"போடி கிழவி. எல்லாம் சொந்தந்தான், கடிச்சுக் காட்டினாரு."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வெர்னா, இதுதான் எனக்குக் கடைசி வருஷம். ஞாயித்துக்கிழமை காலைல சாப்பாட்டு மேசையில பசங்ககிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். அந்தத் தண்ணில இறங்கினா மூட்டு எல்லாம் கழண்டு போகுது. அதோட, செத்துச் செத்துப் பிழைச்சு எனக்கு அலுத்துப்போச்சு."

நான் அடுத்த ஆப்பிளை எடுத்துச் சீவினேன்.

"நீயும் வாயேன். அவர் வீட்ல தனி ரூம் இருக்கு. நீ எதுக்கு இங்க பனியில ஒத்தையா கிடக்கணும்?"

"பாலைவனத்துல நான் என்னத்தடி பண்ணுவேன்? முள்ளுச்செடிக்குப் பான்கேக் சுட்டுப் போடவா?" என்றேன்.

அவளும் சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது. சண்டை, மனத்தாங்கல் எதுவும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அன்று சுட்ட ஆப்பிள் பை அருமையாக வந்தது.

வேறு ஒருத்தியைப் பெக்கியாகப் போட்டிருக்கலாமே என்கிறீர்கள். நீங்களும் வந்து பார்த்தவர், இப்படிக் கேட்பது ஆச்சரியமாக இருக்கிறது. மற்ற எல்லோரும் செத்துப்போகும் கதையில் பிழைத்த ஒருத்தி என்றால், ஜனங்கள் அவளைத் தொட்டுப் பார்க்க வருகிறார்கள். அவளுக்கும் வயதாகிறது, இன்னும் இருக்கிறாள், அப்படியானால் நாமும் இருப்போம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். அவளே மூட்டுவலி என்று சொல்லிவிட்டு அரிசோனாவில் போய் உட்கார்ந்தால் அந்தப் படத்தில் என்ன மிச்சம் இருக்கும்? முதல் வருஷம் வருவார்கள். மறு வருஷம் பாதிப் பேர் வருவார்கள். அப்புறம் ஒரு வருஷம் நான் மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஏரியிலேயே, அதே காட்சியில், அவள் போய்விட்டால் விஷயம் வேறு. அவளை யாரும் மறக்க முடியாது. பாதியில் விட்டுப் போன கிழவி என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை. இதை அவளிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள் என்று சொல்ல மாட்டேன். நல்லது எதுவென்று அவளுக்கு எப்போதும் தெரிந்ததில்லை. இரண்டு விவாகரத்தும் அப்படித்தான்.

பெக்கி போடும் மஞ்சள் ஸ்வெட்டருக்கு உள்ளே மெல்லிய மிதவைச் சட்டை ஒன்று உண்டு. பாதுகாப்புக்காக லைல் காலத்திலேயே நான் தைத்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல், பிள்ளைகள் படுக்கைப் பைகளை இறக்கிக்கொண்டிருந்த நேரம், அதன் தையலைப் பிரித்து உள்ளிருந்த நுரையை எடுத்துவிட்டுப் பழைய போர்வைத் துணியை வைத்துத் தைத்தேன். அது தண்ணீரைக் குடிக்குமே தவிர மிதக்காது. தையல் சுத்தமாக இருந்தது. உங்கள் ஆட்கள்கூடப் பிரித்துப் பார்த்த பிறகுதானே கண்டுபிடித்தார்கள்.

சனிக்கிழமை மாலை மாட்டிவிடும்போது, "கனமா இருக்கே" என்றாள்.

"நீ பெருத்துட்ட. எல்டன் நல்லா கவனிச்சுக்கிறார் போல."

என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் படகில் ஏறினாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். கரையில் இருந்த ஒவ்வொருவர் ஃபோனிலும் இருக்கிறது. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது, ஆனால் முகம் தெரியும் வெளிச்சம் இருந்தது. நான் எழுந்தேன். இழுத்தேன். வழக்கமாகத் தோளைத் தொட்டுவிட்டு விட்டுவிடுவேன். அன்று விடவில்லை. நானும் எழுபதைத் தாண்டியவள்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க மாவு மூட்டை தூக்கிய கை. அவள் ஒரு முறை மேலே வந்து, "யாராவது வாங்க" என்று கத்தினாள். கரை முழுவதும், "மணி அடிச்சாச்சு, பெக்கி" என்றது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒத்துச் சொன்னதே இல்லை. திரும்ப மேலே வந்தாள். "நிஜமா, நிஜமா" என்றாள். அதுவும் புது வசனம் என்று நினைத்து விசில் அடித்தார்கள். யாரோ ஒரு பையன், "மார்லா, இந்த வருஷம் ஆஸ்கர் உனக்குத்தான்" என்று கத்தினான். அது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. அவன் மேல் வழக்கு எதுவும் போட்டுவிடாதீர்கள். நல்ல பிள்ளை, வரும்போதெல்லாம் பாத்திரம் கழுவிக் கொடுப்பான்.

பிறகு அவள் வரவில்லை. படகுக்கு அந்தப் பக்கமும் வரவில்லை. புது முடிவு வைத்திருக்கிறோம் என்று எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மாதிரி கைதட்டலை மார்லா தன் வாழ்க்கையில் வாங்கியதில்லை. நான் கரையேறி முகமூடியைக் கழற்றி வணங்கினேன்.

"மா, மார்லா எங்க மா?"

"அந்தப் பக்கத் துறையில ஏறிட்டா. துணி மாத்திட்டு வருவா. நீங்க குளிர்ல நிக்காதீங்க, கோகோ ஆறிடும்."

எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு கேட்டவர்களிடம், களைப்பாக இருக்கிறதென்று படுத்துவிட்டாள் என்றேன். காலையில் குளிக்கப் போன ஒரு தம்பதி அவளை நாணல் ஓரத்தில் பார்க்கும்வரை, அது மிகச் சந்தோஷமான கூட்டமாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் இப்போது அழுதுகொண்டிருக்கிறார்கள் என்றீர்கள். கைதட்டிய கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாளாம். அவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் பிரியத்தினால்தான் தட்டினார்கள். என்மேல் கோபமாக இருப்பார்கள். கொஞ்ச காலம் அப்படித்தான் இருக்கும். அப்புறம் வருவார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் வருவார்கள். கரையில் நின்று, இந்த இடத்தில்தான் என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவள் என்னை விட்டுப் போவது பொறுக்காமல் செய்துவிட்டேன் என்று காலையிலிருந்து நீங்கள் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். உங்களிடம் இருக்கும் வீடியோவைக் கடைசிவரை போட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் அவள் "நிஜமா" என்ற இடத்தில் விசில் அடிக்க ஃபோனைக் கீழே இறக்கிவிட்டார்கள். சத்தம் மட்டும் இருக்கும். படத்தில் படகுக்காரனுக்குப் பெயர் கிடையாது, பெக்கி அவனைக் கூப்பிடுவதும் இல்லை. மார்லா கடைசியாக மேலே வந்தபோது இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வெர்னா" என்றாள். லைல் போன பிறகு அந்த முகாமில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு ஆள் இல்லை. "வெர்னா, வெர்னா" என்று கூப்பிட்டாள், குழந்தை கூப்பிடுவது மாதிரி.

நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், மிஸ்டர் ஹோல்கம். என்னை விட்டுப் போக நினைத்தவள் அப்படிக் கூப்பிடுவாளா?