வெள்ளை மை தடவிய இடம்

பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது முப்பத்தொன்பது. கணவர் லாரி ஓட்டுகிறார். நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்து, விட்டுப்போன தையலையும் கறையையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. குறையே இல்லாத துணியை நான் பார்த்ததில்லை. ஆட்களையும் அப்படித்தான்.

எனக்கு ஒரே மகன், பதினொரு வயது. அவனுக்குத் தலசீமியா. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தை ஒழுங்காக உண்டாக்காத நோய், பரம்பரையாக வருவது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். எனக்கும் என் கணவருக்கும் நோய் இல்லை, ஆனால் இருவரும் அதைக் கடத்துகிறவர்கள். தாய் தகப்பன் இருவரும் அப்படி அமைந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இது எங்களுக்குத் தெரிந்தது மகனுக்கு எட்டு மாதம் ஆனபோது. பிறகு என் தங்கையையும் சோதித்ததில் அவளும் கடத்துகிறவள் என்று வந்தது.

பெற்றோர் இல்லாததால் தங்கைக்கு நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன். இரண்டு இடம் பேசி முடித்த பிறகு என் மகனைப் பற்றிக் கேள்விப்பட்டு விலகிக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்தது இப்போதைய மாப்பிள்ளை, வயது இருபத்தேழு. அவருடைய தகப்பனார் பத்திர எழுத்தர். மாப்பிள்ளைக்கும் ரத்தம் சோதித்து ரிப்போர்ட்டைக் காட்டினால்தான் கல்யாணம் என்று சொன்னேன். உடனே சரி என்றார்கள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதே எனக்கு உறுத்தியது.

அதன் பிறகு பத்து நாள் கழித்துப் பத்திர எழுத்தர் ரிப்போர்ட்டின் நகலை உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு தாள். எண்கள் இருக்கும் இரண்டாவது தாள் இல்லை. கூட வந்திருந்த சம்பந்தியம்மா, "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதன் பிறகு கல்யாணம் நடந்தது.

தற்போது தங்கை பன்னிரண்டு வாரம் கர்ப்பம். போன வாரம் அவளுடைய டாக்டர் மாப்பிள்ளையை மறுபடி சோதித்ததில் அவரும் கடத்துகிறவர் என்று வந்துவிட்டது. அதன் பேரில், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்கு ரத்தம் சோதித்த ஆய்வகத்துக்கு நான் நேரில் போனேன். கொடுத்த ரிப்போர்ட்டில் முடிவைத் தெளிவாக அச்சடித்திருந்ததாகக் கணினியில் காட்டினார்கள். ஆகவே தங்கையின் மாமனார் வீட்டார் வேண்டுமென்றே முடிவை அழித்து, என் தங்கையை ஏமாற்றிவிட்டார்கள் என்று இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன்.

மேற்கண்டவாறு நான் சொல்ல நிலைய எழுத்தர் எழுதிக்கொண்டிருக்கும்போது, விசாரணைக்கு அழைக்கப்பட்ட பத்திர எழுத்தர் வந்தார். அசல் ரிப்போர்ட் எங்கே என்று ஆய்வாளர் கேட்டதும், ஒளிக்காமல் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு தாளும் இருந்தன. முடிவு என்ற இடத்தில் வெள்ளை மை தடவியிருந்தது. ஏன் அழித்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார்.

அவர் சொன்னது: "தப்பா அடிச்சிருந்தாங்க சார். இருபத்தேழு வயசுப் பையன மைனர்னு போட்டிருந்தான். கல்யாணத்தப் பதிய இந்தத் தாளையும் சேர்த்துத்தானே வைக்கணும்னு நெனச்சேன். மைனர்னு இருந்தா பதிவாளர் திருப்பி அனுப்பிடுவாரு. ரெண்டாவது தாள்ல வெறும் நம்பரா இருந்துச்சு, வேண்டாம்னு எடுத்து வச்சேன்."

நிலைய எழுத்தர் சிரித்துவிட்டார். பிறகு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

நோயைக் கடத்துகிறவர்களைத் தலசீமியா மைனர் என்றுதான் ரிப்போர்ட்டில் போடுவார்கள் என்று நான் சொன்னேன். பத்திர எழுத்தருக்கு முப்பது வருடமாக மைனர் என்றால் கையெழுத்துப் போடத் தகுதியில்லாத பிள்ளை, கார்டியன் வேண்டும், அவ்வளவுதான் தெரியும். "அப்போ அது வயசு இல்லியா" என்று கேட்டார். அதற்குப் பிறகு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் நடிக்கிறாரா என்று கால் மணி நேரம் கவனித்தேன். நடிக்கவில்லை.

ஆய்வாளர் என்னிடம், நகலில் முடிவு காலியாக இருந்ததை அப்போதே பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் கட்டத்தின் கோடு அறுந்து மறுபடி தொடங்கியது. அழித்த இடம் என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்த என் மகன், "சித்தி கல்யாணம் இதுவும் நின்னுடுமாம்மா? என்னாலயா?" என்று கேட்டான். இல்லடா, எல்லாம் சரியா இருக்கு என்று சொல்லிவிட்டேன். தாளை மடித்து பீரோவில் வைத்தேன். ஒரு சட்டையில் அப்படிப் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். ஒன்றரை வருடமாக எல்லாரையும் சந்தேகப்பட்டது, பார்த்தும் ஏன் விட்டாய் என்று என்னை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான்.

நாளை மறுநாள் தங்கைக்குக் கருவிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். நாலில் ஒன்றா, மற்ற மூன்றா என்று அதில் தெரியும். மேலே சொன்னதை அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இங்கிருந்து நேரே அவளிடம் போகிறேன்.

இந்த வாக்குமூலத்தில் ஐந்தாவது பத்தியில் உள்ள "வேண்டுமென்றே" என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். நிலைய எழுத்தர் வெள்ளை மை எடுத்தார். வேண்டாம், இருந்தது தெரியும்படி ஒரே கோடாக அடியுங்கள் என்று சொன்னேன். அடித்தார். பெஞ்சிலிருந்து பத்திர எழுத்தர், "அடிச்ச இடத்துல பக்கத்துலயே ஒரு சுருக்கொப்பம் வைக்கணும்மா, இல்லேன்னா செல்லாது" என்றார். வைத்தேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. அடித்தல் ஒன்று. திருத்தல் இல்லை.

(ஒப்பம்)