பன்னிரண்டு நிமிடம்

சௌந்தர்யா: ...அதாஞ் சொல்றனுங்க, முழுசா பன்னண்டு நிமிசம். கம்ப்யூட்டர் ஸ்விட்சப் போட்டுட்டு டீ வெச்சு எறக்குனாலும் ஸ்கிரீன்ல வட்டம் சுத்திட்டேதான் இருக்குது.

தமிழரசு: நேத்தும் போன்ல இதேதான் சொன்னீங்க. ராசிபுரத்துல கடையச் சாத்திட்டு, இந்த ஒரு கோழிப்பண்ணைக்கே தெனமும் ஓடியாரேன்.

சௌந்தர்யா: கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வராம, கோழி டாக்டரா வருவாரு?

தமிழரசு: இன்னிக்கு முடிவு சொல்லிருங்க. பழைய ஹார்ட் டிஸ்க்கே இருக்கட்டுமா, அதுக்குப் பதிலா புதுசா எஸ்எஸ்டி போட்டுரலாமா?

சௌந்தர்யா: இருக்கறதே இருக்கட்டும். அதுல எடம் நெறையன்னு நீங்கதான சொன்னீங்க.

தமிழரசு: எடம் சரி. உள்ள தட்டு சுத்தணுமுங்களே. பக்கத்துல தீவன மில்லு ஓடுனா ரூமே அதுருது. ஒரு நாள் நின்னுச்சுன்னா நாலு வருசத் தடுப்பூசி விவரம் பூராம் போச்சு. எஸ்எஸ்டில சுத்தற சோலியே இல்ல. பத்தே செகண்டு, தெறந்துரும்.

சௌந்தர்யா: பத்து செகண்டுல... டீ கூடக் கொதிக்காதுங்க.

தமிழரசு: அதப் போட்டுட்டா நானும் இந்தப் புதுச்சத்திரம் பக்கம் வர வேலையில்ல.

சௌந்தர்யா: இருங்க, டீக்குச் சக்கர போட்டனான்னு பாக்கறேன்.

தமிழரசு: கேட்டுல டிரைவர் அம்மாசியண்ணனப் பாத்தேன். முட்டை லாரி முந்தியெல்லாம் எட்டரைக்குத்தான் கெளம்புமாம். இப்ப ஒரு மாசமா எட்டஞ்சுக்கே கெளம்பிருதாம்.

சௌந்தர்யா: அவரு சுறுசுறுப்புங்க.

தமிழரசு: உங்க கம்ப்யூட்டர்ல கேட் சீட்டு வந்தாத்தான லாரி வெளிய போகும். எட்டு மணிக்கு நீங்க கம்ப்யூட்டரப் போட்டா, பன்னண்டு நிமிசம் போக, எட்டஞ்சுக்கு எப்படிங்க சீட்டு வந்துச்சு?

சௌந்தர்யா: கையில... எழுதிக் குடுத்திருப்பேன்.

தமிழரசு: காட்டுனாருங்க. பிரிண்டு.

சௌந்தர்யா: இதுக்குத்தான் வந்தீங்களா? டீயக் குடிச்சுட்டுக் கெளம்புங்க.

தமிழரசு: இருங்க, நானும் ஒண்ணச் சொல்லிர்றேன். போன மாசம் நீங்க கோயில் நோம்பிக்கு லீவு போட்டு ஊட்டுக்குப் போன அன்னிக்கே, மொதலாளி சொல்லி எஸ்எஸ்டி போட்டுட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கு, பைலுக்காக உள்ளயே உறுமிட்டுக் கெடக்குது.

சௌந்தர்யா: அப்ப நான் சொல்றது பொய்யின்னு தெரிஞ்சேதான் ஒரு மாசமா வந்தீங்களா?

தமிழரசு: நீங்க கூப்புட்டா வாரேன். அது கெடக்கட்டும், உங்களுக்கு எப்பத் தெரியும்?

சௌந்தர்யா: லீவு முடிஞ்சு வந்த மொத நாளே. வட்டம் சுத்தறதுக்குள்ள தெறந்துருச்சு. பயந்தே போயிட்டனுங்க... இனிமே நீங்க எதுக்கு வருவீங்கன்னு.