மணப்பெண்ணுக்கு வைத்த லைட்டு

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பர்தா அணிந்தவர் சொன்னார்: "நான் எடுத்த முதல் கல்யாண வீடியோல பொண்ணுக்கு மீசை இருந்துச்சு."

"என்ன பர்வீன் சொல்றே?"

"லைட்டை நேரா தலைக்கு மேல வெச்சுட்டேன் செல்வி. மூக்கு நிழல் உதட்டு மேல விழுந்துருச்சு. அந்த வீட்டுல செம திட்டு. கேமராவை வித்துடுன்னு எங்க வீட்டுக்காரரே சொன்னாரு."

"அப்புறம்?"

"விடலையே. தினம் தங்கச்சியை உட்கார வெச்சுப் பழகினேன். லைட்டைப் பக்கவாட்டுல தள்ளி, வெளிச்சம் மெதுவா விழ அதுக்கு முன்னால வெள்ளைத் துணி கட்டினேன். எதிர்ப்பக்கம் தெர்மாகோல் வெச்சா வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி நிழலைக் கரைச்சிடும்."

"நேத்து கல்யாணம் எப்படி?"

"பொண்ணு நல்ல கருப்பு. 'என்னை வெள்ளையாக்கிடுவீங்கதானே'ன்னு கேட்டுச்சு. அதே மாதிரி லைட்டு வெச்சு எடுத்துக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்துச்சு. 'நான் இவ்ளோ அழகாவா இருக்கேன்? யாரும் சொல்லவே இல்லையேக்கா'ன்னுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"'நீ இப்படித்தான்மா இருக்கே'ன்னு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்!"

பஸ்ஸிலும் அப்படியேதான் சொன்னார். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.